வலது பக்கம் யார்?

முதலில் நான் கவனித்தது டீயின் மேல் படிந்திருந்த ஆடையை. புது என்ஜினியர் நந்தினி மேடம் எங்கள் நாற்காலிகளுக்குப் பின்னால் பேப்பர் கப்போடு நின்றுகொண்டிருந்தார். கொண்டுவந்து கொடுத்தபோது ஆவி பறந்த டீ. நான் திரும்பிப் பார்த்தபோது அதன் மேல் ஆடை சுருங்கி, கப்பின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு மனுஷி டீயை மறந்துவிட்டு அவ்வளவு நேரம் நம் முதுகையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்றால் நல்லதற்கில்லை என்று நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை. சொல்வதெல்லாம் பக்கத்து நாற்காலி ஸ்டெல்லாவின் வேலை.

மகனே, இதையெல்லாம் உனக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், போன ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை கேசரியைக் கையில் வாங்கியதுமே, "பொண்ணு இன்னா வேல செய்யுதுமா?" என்று கேட்டார். என் அம்மா, "கம்ப்யூட்டர் வேலக்கா" என்றாள். "கம்ப்யூட்டர்ல இன்னா?" என்றார் அத்தை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கேசரியைப் பார்த்தேன். "அது பெரிய வேலக்கா, சொன்னா புரியாது" என்று அம்மா முடித்துவைத்தாள். படி இறங்கும்போது அத்தை யாரிடமோ, "அமைதியான பொண்ணா, இல்ல பேச்சே வராதா?" என்று கேட்டது மேலே வரைக்கும் கேட்டது. அந்த வீட்டிலிருந்துதான் உன் அப்பா வருவாரா, வேறெங்கிருந்தாவது வருவாரா என்பது இன்னும் முடிவாகவில்லை. நீ மகனா மகளா என்பதும் தெரியாது. மகன் என்று வைத்து எழுதுகிறேன். மகளாகப் பிறந்தால் மாற்றிப் படித்துக்கொள், கோபித்துக்கொள்ளாதே. எனக்கு வயது பத்தொன்பது. பிள்ளைகள் வளர்ந்து ஆளான பிறகுதான் பெற்றவர்கள் இப்படிக் கடிதம் எழுதுவது வழக்கம் என்று தெரியும். ஆனால் அதற்குள் அவர்களுக்குப் பாதி மறந்துபோகிறது. மீதிப் பாதியில் தங்களை நல்லவர்களாக ஆக்கிக்கொள்கிறார்கள். நான் முந்திக்கொள்கிறேன். நீயும் ஒருநாள், "அம்மா, நீ என்ன வேலை செய்தாய்?" என்று கேட்பாய். அப்போதும் நான் கேசரியைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது.

நான் படிப்பை நிறுத்தியதைப் பற்றி யாராவது உன்னிடம் சோகமாகப் பேசினால் நம்பாதே. வீட்டில் தறி நன்றாகத்தான் ஓடுகிறது. அப்பா புடவையின் உடலுக்கு நாடா விட, என் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு விட, மாதத்துக்கு இத்தனை புடவை என்று இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. நான் பதினொன்றாம் வகுப்பில் நின்றதற்குக் காரணம் வருகைப் பதிவு. புது டீச்சர் பெயர் கூப்பிட்டால் "உள்ளேன்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். நான் மனசுக்குள் சொல்வேன். முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே பாதி வருஷம் பள்ளிக்கு வராதவளாக இருந்தேன். வீட்டுக்கு ஆள் அனுப்பி, "உங்க பொண்ணு எங்க போகுது?" என்று கேட்டார்கள். அம்மா பயந்துபோய் என்னை வீட்டிலேயே உட்காரவைத்துவிட்டாள். அப்புறம் தெருக்கோடி சண்முகம் அண்ணன், வாலாஜாபாத் சாலையில் தான் சூப்பர்வைசராக இருக்கும் கம்பெனியில், பேசவே தேவையில்லாத ஒரு வேலை இருக்கிறது என்று சொல்லி என்னைச் சேர்த்துவிட்டார்.

கம்பெனி என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதே. அரிசி மில்லுக்கு மேல் மாடியில் மூன்று அறை. விவசாயிகள் வீட்டில் இருந்தபடியே செல்போனில் கிணற்று மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் ஒரு பெட்டி செய்கிறோம். மோட்டார் ஓடினால் அந்தப் பெட்டியே விவசாயிக்கு போன் செய்து, "மோட்டார் ஓடுகிறது" என்று சொல்லும். போனில் நிற்காவிட்டால் மோட்டாரைக் கையாலேயே நிறுத்த அடியில் ஒரு சிவப்பு பட்டனும் உண்டு. பெட்டிக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு போர்டு. சால்டர் முடிந்து வரும்போது அந்த போர்டுக்கு ஒன்றும் தெரியாது, பிறந்த குழந்தை மாதிரி. அதற்குள் புரோகிராமை ஏற்றினால்தான் தான் யார், மோட்டார் என்றால் என்ன, யாருக்கு போன் செய்ய வேண்டும் என்பதெல்லாம் அதற்குப் புரியும். அதை ஏற்றுவதுதான் என் வேலையும் ஸ்டெல்லாவின் வேலையும். ஸ்டெல்லா அதை ஞானஸ்நானம் என்பாள். சண்முகம் அண்ணன் காதுகுத்து என்பார். அந்த அத்தையிடம் இதில் ஏதாவது ஒன்றைச் சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

நாங்கள் செய்த விதம் இது. ஸ்டெல்லா என் வலது பக்கம் உட்கார்ந்து, போர்டை எடுத்து, லேப்டாப்பிலிருந்து வரும் கேபிளின் முனையை அதன் மேல் வைத்து விரலால் அழுத்திப் பிடிப்பாள். "போடு" என்பாள். நான் லேப்டாப்பில் ஃபைலைத் தேர்ந்தெடுத்து, பழையதை அழித்து, புதியதை ஏற்றி, சரிபார்த்து, எல்லாம் முடிந்ததும் மேசையை ஒருமுறை தட்டுவேன். அவள் எடுப்பாள். அடுத்தது. "போடு." தட்டு. "போடு." தட்டு. சினிமா, சர்ச், அவள் தம்பி வாங்கிய பைக் என்று நடுவில் ஸ்டெல்லா பேசிக்கொண்டே இருப்பாள். நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். டீ சொல்வது, லீவு கேட்பது, பஸ்ஸில் எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுப்பது எல்லாம் அவள்தான். உலகத்தில் எனக்கென்றே செய்துவைத்த நாற்காலி அது.

மேடம் வந்ததற்குக் காரணமும் அந்த நாற்காலிதான். லேப்டாப்பில் இருந்த ஃபைல்களின் பெயர்களைச் சொல்கிறேன் கேள்: ஃபைனல், ஃபைனல் டூ, ஃபைனல் நியூ, இதுதான் ஃபைனல், தெலுங்கு ஃபைனல். ஆந்திராவுக்குப் போகும் பெட்டிகள் தெலுங்கில் பேசும். ஒருநாள் ஸ்டெல்லா சொன்ன கதையில் நான் சிரித்துவிட, திருமுக்கூடலுக்குப் போக வேண்டிய பெட்டிகள் எல்லாம் தெலுங்கு கற்றுக்கொண்டுவிட்டன. விவசாயிகளுக்கு போன் வந்தது, "மோட்டார் ஆன் அயிந்தி" என்று. ஏதோ ஆந்திரா பேங்க்காரன் கடனுக்குக் கூப்பிடுகிறான் என்று பலபேர் கட் செய்துவிட்டார்கள். வீட்டில் தெலுங்கு பேசும் நாயுடு ஒருவர் மட்டும் பெட்டியைத் திருப்பித் தரவே மாட்டேன் என்றுவிட்டார். "இத்தினி வருஷமா இந்த ஊர்ல கீறேன், இப்பதான்பா ஒரு மிஷின் என்னாண்ட மரியாதயா பேசுது" என்றாராம். ஓனருக்குச் சிரிப்பு வரவில்லை. புரோகிராம் ஏற்றுவதைச் சுலபமாக்க ஒரு என்ஜினியரைக் கொண்டுவந்தார்.

அப்படி வந்த மேடம்தான் ஆடை படிந்த டீயோடு நின்றவர். கடைசியில் கேட்டார். "ஏன் ரெண்டு பேர் உக்காந்திருக்கீங்க?"

சண்முகம் அண்ணனுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "ஒருத்தர் போடுவாங்க, ஒருத்தர் எடுப்பாங்க மேடம்."

"ஒருத்தரே போட்டு எடுக்க முடியாதா?"

"அதெப்டி மேடம்? அப்ப வலது பக்கம் யாரு?"

மேடம் சென்னைக்காரர். கோர்வைப் புடவை நெய்கிற வீடுகளில், உடலுக்கு ஒரு நிறம் கரைக்கு ஒரு நிறம் என்பதால், ஒரு தறிக்கு எப்போதும் இரண்டு பேர் உட்காருவார்கள் என்பது அவருக்குத் தெரியாது. நெய்கிறவருக்கு வலது பக்கம் கரை நாடா விட ஒரு ஆள். சண்முகம் அண்ணன் தன் தம்பியோடு அப்படி உட்கார்ந்து நெய்தவர். வலது பக்கத்துத் தம்பி காலையிலிருந்து ராத்திரிவரை அரசியல் பேசியதால்தான் தறியை விட்டு இங்கே வந்தார். கம்பெனிக்கு முதல் லேப்டாப் வந்த அன்று அவர் யோசிக்கவே இல்லை. இரண்டு நாற்காலி போட்டார். அதன் பிறகு வந்தவர்கள் எல்லோரும் இரண்டு இரண்டு பேராகவே உட்கார்ந்தார்கள். அத்தனை வருஷத்தில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தானே.

மேடம் என் நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையால் கேபிளை அழுத்திக்கொண்டு வலது கையால் மவுஸைத் தட்டினார். புரோகிராம் ஏறியது. சாமி, தூக்குகிறவர்கள் இல்லாமல் தானே இறங்கித் தெருவில் நடந்து வந்ததைப் போலப் பார்த்துக்கொண்டு நின்றார் சண்முகம் அண்ணன். மகனே, நம் வீட்டில் ஏன் இப்படிச் செய்கிறோம் என்று யாராவது ஒருநாள் கேட்பார்கள். கோபப்படாதே. உனக்குப் பதில் தெரிந்திருந்தால் சொல். தெரியாவிட்டால் அவர்களுக்கு ஒரு நாற்காலி கொடு.

பிறகு மேடம் புரோகிராம் ஏற்றுவதற்கென்றே ஒரு பெட்டி செய்தார். கீல் வைத்த மூடி. மூடியின் உள்பக்கம் ஸ்பிரிங் வைத்த ஊசிகள். போர்டை வைத்து மூடினால் ஊசிகள் தாமாகவே சரியான இடத்தில் போய் உட்காரும், புரோகிராம் தானாகவே ஏறும். சரியாக ஏறினால் பச்சை விளக்கு, இல்லாவிட்டால் சிவப்பு. லேப்டாப் கிடையாது, மவுஸ் கிடையாது, எந்த ஃபைனல் என்று தேட வேண்டியதும் கிடையாது. பெட்டிக்குள் ஒரே ஒரு புரோகிராம். அதை மாற்ற வேண்டுமென்றால் மேடம்தான் வர வேண்டும். "யாரும் எதுவும் கத்துக்க வேண்டியதே இல்ல. மூடு, பாரு, எடு. அவ்ளோதான்" என்றார். ஸ்டெல்லா அதற்கு இட்லிப்பானை என்று பெயர் வைத்தாள். அன்றைக்கே கம்பெனி முழுக்க அதுதான் பெயர்.

இட்லிப்பானை மேடம் கையில் ஒழுங்காக வேலை செய்தது. எங்கள் கையில் சிவப்பு சிவப்பாக எரிந்தது. மேடம் ஊசிகளை மாற்றினார், வயரை மாற்றினார். அவர் மூடினால் பச்சை, ஸ்டெல்லா மூடினால் சிவப்பு. சண்முகம் அண்ணன் ஒரு எலுமிச்சம்பழத்தை வாங்கிவந்து பெட்டியின் மேல் வைத்தார். அதற்குப் பிறகும் சிவப்பு. கடைசியில் மேடம் டீ இல்லாமல் எதிரே உட்கார்ந்து பார்த்தார். ஸ்டெல்லா போர்டை வைத்தாள், மூடினாள், கொஞ்ச நேரம் பொறுத்தாள், மூடியை லேசாகத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தாள், மறுபடி மூடினாள்.

"என்ன பண்றீங்க?"

"வெந்துச்சா பாத்தேன் மேடம்."

"பாதியில திறந்தா கனெக்ஷன் போயிடும். அதான் சிவப்பு எரியுது."

"மூடியிருந்தா உள்ள இன்னா நடக்குதுன்னு எப்டி மேடம் தெரியும்?"

மேடம் சண்டை போடுவார் என்று நினைத்தேன். "நான் உங்களுக்குச் சொல்லல, தப்பு என்னோடது" என்று சொல்லிவிட்டு, உள்ளே தெரிகிற மாதிரி கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் வேறு மூடி செய்து மாட்டினார். பாதியில் திறந்தாலும், மறுபடி மூடியதும் முதலிலிருந்து தானே ஏற்றிக்கொள்ளும்படி புரோகிராமையும் மாற்றினார். அப்புறம் சிவப்பு எரிவது நின்றது. எலுமிச்சம்பழம்தான் காரணம் என்று சண்முகம் அண்ணன் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். மகனே, நீ யாருக்காவது எதையாவது சுலபமாகச் செய்துகொடுத்தால், அவர்கள் மூடியைத் திறந்து பார்ப்பார்கள் என்பதைச் சேர்த்தே செய். என் அம்மா இன்னும் பிரஷர் குக்கரை அப்படித்தான் பார்க்கிறாள்.

பெட்டி சரியானதும் ஓனர் வந்து பார்த்தார். இட்லிப்பானைக்கு முன்னால் ஒரு நாற்காலி போதும் என்பது அவருக்கு உடனே புரிந்துவிட்டது. வாடிக்கையாளர் போன்களை எடுக்க ஆள் இல்லாமல் அவரே எடுத்துக்கொண்டிருந்தார். "ஒருத்தி இங்க, ஒருத்தி முன்ரூம்ல போனுக்கு. ஒரு மாசம் பாப்பேன். சரிவரலன்னா ஒரு ஆளத்தான் வச்சிக்க முடியும், சொல்லிட்டேன்" என்றார். போனுக்கு யார் என்று யாரும் கேட்கவே இல்லை. ஸ்டெல்லா துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு முன்னறைக்குப் போனாள். நான் பானைக்கு முன்னால் தனியாக உட்கார்ந்தேன். வலது பக்கம் காலி நாற்காலி. எனக்கும் சேர்த்து டீ சொல்ல ஆள் இல்லை. அந்த வாரம் நான் டீ குடிக்கவில்லை.

ஸ்டெல்லாவுக்கு முதல் போன் ஓரிக்கையிலிருந்து வந்தது. மோட்டார் ஓடவில்லை என்றார் ஒரு பெரியவர். எந்தத் தெரு என்று கேட்டாள். அந்தத் தெருவில் அவள் சித்தி இருந்தாள். சித்தி வீட்டுக்கு எதிர்வீடு பெரியவரின் மச்சான் வீடு. மச்சான் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டெல்லாவுக்கு ஒரு பையனைத் தெரியும். பெரியவர் ரொம்ப சந்தோஷமாகப் போனை வைத்தார். மோட்டார் ஓடவே இல்லை. ஒவ்வொரு போனும் இப்படியே போனது. வரிசையில் காத்திருந்தவர்கள் ஓனரின் சொந்த நம்பருக்குக் கூப்பிட்டுத் திட்டினார்கள். "யம்மா, நீ கல்யாண மண்டபம் நடத்துமா, உனக்கு அதான் சரி" என்று சொல்லி அவளைப் பானைக்கு அனுப்பினார் ஓனர். அப்புறம் அறைக்குள் வேறு யாராவது இருக்கிறார்களா என்று பார்ப்பதைப் போலச் சுற்றிப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் என்னைப் பார்த்தார்.

மாத முடிவில் நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. போனால் என்ன ஆகும் என்றும் தெரியும். வேலை இருக்கிறது என்று சொல்லித்தான் அம்மா இதுவரை வருகிற வரன்களுக்கெல்லாம் முடிவுக்குக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். வேலை இல்லாவிட்டால் முதலில் வருகிற கேசரிக்குத் தலையாட்ட வேண்டியதுதான். உன்னைச் சந்திக்க எனக்கு ஆசைதான். ஆனால் இவ்வளவு அவசரம் இல்லை.

முதல் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தேன். ஒன்றும் வரவில்லை. அதாவது என் வாயிலிருந்து. "அலோ" என்றது அந்தப் பக்கம். "அலோ, யாருமா? வாலாஜாபாத்லேர்ந்து பேசுறேன். மோட்டார் ஓட மாட்டேங்குது." நான் மூச்சு விட்டேன். "கேக்குதா? கரண்டுலாம் இருக்குதுமா. பெட்டில லைட்டே வரல." மறுபடி மூச்சு. "மெயினா? மெயினு போட்டுத்தான் இருக்கும். இரு, பாக்குறேன்." செருப்புச் சத்தம் போய்த் திரும்பி வந்தது. "எந்தப் பேமானியோ ஆஃப் பண்ணி வச்சிக்கினு போய்க்கீறான்மா. சரி, ஓடுது. வச்சிர்றேன், நல்லா இரும்மா." நான் ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் மோட்டார் ஓடியது.

அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்ததும். மனிதர்களைப் பேசவிட்டால் பாதிப்பேர் தாங்களே கண்டுபிடித்துவிடுகிறார்கள். மீதிப் பேர் என்ன கோளாறு என்பதையாவது முழுசாகச் சொல்லிவிடுகிறார்கள். அதைச் சீட்டில் எழுதி மேடத்திடம் கொடுத்தால் அவர் கூப்பிட்டுச் சரிசெய்துவிடுவார். ஓனர் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னார், "என்னா பொறுமையா கேக்குதுபா அந்தப் பொண்ணு." ஸ்டெல்லா பானைக்கு முன்னாலிருந்து விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏய், நீ போன்ல பேசுறன்னு ஊருக்குள்ள சொன்னா என்னய அடிப்பாங்கடி." போனில் பேசும் வேலை என்றால் யாரும் நம்ப மாட்டார்கள் என்றுதான் அம்மாவும் அந்த அத்தையிடம் கம்ப்யூட்டர் வேலை என்று சொன்னாள். மகனே, சும்மா இருப்பதே பெரிய குணம் என்று இதிலிருந்து நீ எடுத்துக்கொள்ளாதே. நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அது நேற்றுவரைதான் செல்லுபடியானது.

நேற்று மாதத்தின் கடைசி நாள். ஓனர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார், முடிவு சொல்வதற்காக. போன் அடித்தது. எடுத்தேன், வழக்கம்போல மூச்சு விட்டேன். அந்தப் பக்கமும் ஒரு மூச்சு கேட்டது. அவ்வளவுதான். அலோ கூட இல்லை. நான் காத்திருந்தேன். அந்தப் பக்கமும் காத்திருந்தது. மோட்டார் ஓடுகிற சத்தமும், தண்ணீர் எங்கோ நிரம்பி வழிகிற சத்தமும் பின்னால் கேட்டன. தூரத்தில் ஒரு ஆண்குரல் கத்தியது. "மோட்டார் நிக்க மாட்டேங்குதுன்னு சொல்லு புள்ள. பக்கத்துக் களத்துல நெல்லு காயுது, தண்ணி போவுது பாரு. வாயத் தொறந்து சொல்லு." அந்தப் பெண் சொல்லவில்லை. மூச்சுதான் வந்தது, வேகவேகமாக. அந்த மூச்சு எனக்குத் தெரியும். வார்த்தை நெஞ்சுவரை வந்து, அங்கேயே நின்றுகொண்டு, மேலே ஏற மாட்டேன் என்கிற மூச்சு. வகுப்பில் என் பெயர் கூப்பிடும்போதெல்லாம் நான் விட்டது அதுதான்.

இரண்டு பேரும் சும்மா இருந்தால் நெல் நனைந்துபோகும். அவளை யாரும் மாற்றி உட்காரவைக்க மாட்டார்கள், அந்தக் கிணற்றடியில் அவள் மட்டும்தான் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். திரும்பிப் பார்த்தேன். ஓனர் புருவத்தைத் தூக்கினார். உள்ளறையில் ஸ்டெல்லா மூடியில் கை வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், எழுந்து வரட்டுமா என்பதைப் போல. நான் வேண்டாம் என்று தலையாட்டினேன்.

"பயப்படாதம்மா" என்றேன். "பெட்டிக்குக் கீழ செவப்பா ஒரு பட்டன் இருக்குது. அத அமுக்கி அப்டியே புடிச்சிக்கோ. நான் லைன்லயே இருக்குறேன்."